கிரகப்பிரவேசம் பண்ணினீர்கள், ரேடான் டெஸ்ட் பண்ணினீர்களா?



பதிவு நீளம். லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முக்கியமாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் முழுவதும் படிக்க வேண்டும். இங்கே ஊரில் இருக்கும் பெற்றோர்கள் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும்.

கடந்த இரண்டு வருடங்களில் நான் பார்த்த புதுமனைப் புகுவிழா படங்கள் பதினைந்துக்குக் குறையாது. எல்லாம் நம் பிள்ளைகளுடையவை. நியூ ஜெர்சி, ஒஹையோ, அட்லாண்டா, டொராண்டோ. பால் காய்ச்சுகிறீர்கள், கணபதி ஹோமம் செய்கிறீர்கள், ஸ்மோக் அலாரம் அலறாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் கவர் கட்டுகிறீர்கள். பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வாங்குவதற்கு முன்பு வீட்டு பிளானை ஊருக்கு அனுப்பி, வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று ஜோசியரிடம் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அவரவர் நம்பிக்கை; அதில் நான் தலையிடவில்லை.

படம் போட்ட ஒவ்வொருவரிடமும் இன்பாக்ஸில் ஒரே கேள்வி கேட்டேன். "ரேடான் டெஸ்ட் எடுத்தாயா?" மூன்று பேர் எடுத்ததாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்ன பதில்களுக்குத்தான் இந்தப் பதிவு. யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரியும்.

முதலில் பாடம். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

பன்னிரண்டாம் வகுப்பில் யுரேனியம் 238 சிதைவுத் தொடரை மனப்பாடம் செய்தீர்களே, நினைவிருக்கிறதா? பாறையிலும் மண்ணிலும் எல்லா இடத்திலும் யுரேனியம் கொஞ்சம் இருக்கிறது. அது சிதைந்து சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான் 222. இந்தத் தொடரில் யுரேனியமும் ரேடியமும் திடப்பொருள், ரேடான் மட்டும் வாயு. அதனால்தான் அது மண்ணில் தங்காமல் மேலே வருகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவை கிடையாது. அரை ஆயுட்காலம் 3.8 நாள். தரையின் கான்கிரீட் விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, சம்ப் பம்ப் குழி என்று கிடைத்த இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

வாயுவாக உள்ளே இழுத்ததில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே போய்விடும். சிக்கல் அதன் சந்ததியில் இருக்கிறது. ரேடான் சிதைந்தால் பொலோனியம் 218, அப்புறம் ஈயம், பிஸ்மத், பொலோனியம் 214. இவை திடப்பொருள்கள். தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் மூச்சுக் குழாய்ச் சுவரில் படிகின்றன, சில நிமிடங்களிலேயே அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகளை விடுகின்றன. ஆல்ஃபா துகளை ஒரு காகிதம் தடுத்துவிடும் என்று நான் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். நம் தோலின் மேலிருக்கும் செத்த அடுக்கும் தடுத்துவிடும். மூச்சுக் குழாயின் உள்சுவரில் அப்படி ஒரு செத்த அடுக்கு கிடையாது. அங்கே உயிருள்ள செல்தான் அடி வாங்குகிறது.

இது நேற்று வந்த வாட்ஸ்அப் புரளி இல்லை. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் நெஞ்சு நோயால் சாவது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அது நுரையீரல் புற்றுநோய் என்று 1879ல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988ல் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சிகரெட் இருக்கும் அதே பட்டியல்.

சுரங்கம் வேறு, வீடு வேறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடுகளிலேயே ஆய்வு செய்தார்கள். ஐரோப்பாவில் 13 ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2005ல் வெளியிட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடுகிறது. இந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஒரு கோடு அதில் தென்படவில்லை.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போடும் கணக்கு: அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளுக்கு ரேடான் காரணம். சிகரெட்டுக்கு அடுத்த இடம். அதில் சுமார் 2,900 பேர் வாழ்நாளில் புகைக்காதவர்கள். கனடா அரசின் கணக்கில் அங்கே நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளில் 16 சதவீதம்.

இனி உங்கள் பதில்கள்.

"சார், எங்க வீடு புத்தம் புதுசு."

மண் பழசுதானே? ரேடான் வருவது மண்ணிலிருந்து. புது வீட்டில் குளிர் நுழையாதபடி ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கமாக அடைத்துக் கட்டுகிறார்கள். வந்த வாயு வெளியேற வழி குறைவு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது சூடான காற்று மேலே ஏறி மாடி வழியாகக் கசிகிறது, அந்த இடத்தை நிரப்ப அடித்தளம் மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. புகைபோக்கி வேலை செய்யும் அதே தத்துவம். உங்கள் வீடு முழுவதும் ஒரு புகைபோக்கி, பேஸ்மென்ட் அதன் வாய்.

ஒன்டாரியோவில் புது வீடு வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். அங்கே புது வீட்டு உத்தரவாதத் திட்டத்தில் முதல் ஏழு வருடத்துக்கு ரேடானும் அடக்கம். அளவு வரம்பைத் தாண்டினால் சரிசெய்யும் செலவைக் கேட்க முடியும். டெஸ்ட் போடாமல் ஏழு வருடம் ஓட்டினால் அந்தப் பணமும் போச்சு.

"பக்கத்து வீட்டுல டெஸ்ட் எடுத்தாங்க சார், ஒண்ணும் இல்லையாம்."

இதற்கு ஒரு கதை இருக்கிறது, உண்மைக் கதை. பென்சில்வேனியாவில் லிமெரிக் என்ற அணுமின் நிலையம். 1984 டிசம்பர். நிலையம் இன்னும் மின்சாரம் தயாரித்து விற்கத் தொடங்கவில்லை. ஊழியர்கள் மேல் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவியை வாசலில் வைத்தார்கள். ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினியர் நடந்துபோனால் கருவி அலறுகிறது. நாளுக்கு நாள் அலறுகிறது. கடைசியில் பார்த்தால் அவர் கதிரியக்கத்தை நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் வீட்டுக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான். சரிசெய்யச் சொல்லும் அளவு 4. அறுநூறு மடங்குக்கு மேல். மனைவி, குழந்தைகளோடு அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பக்கத்து வீட்டில் அந்த அளவு இல்லை. அதே தெரு, அதே மாதிரி வீடு. பூமிக்குள் பாறை எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் விரிசல், தளத்தில் எத்தனை ஓட்டை என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சுகர் டெஸ்ட் நார்மல் என்றால் உங்களுக்கும் நார்மலா?

வாட்ரஸ் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. பிறகு தளத்துக்கு அடியில் குழாய் போட்டு வாயுவை வெளியேற்றி, அளவு இறங்கியதும் அதே வீட்டுக்குத் திரும்பினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவ்வளவு மோசமான வீட்டையே சரிசெய்ய முடிந்தது.

"எங்க ஏரியா மேப்ல சிவப்பு இல்லை சார்."

அமெரிக்காவில் மாவட்டவாரியாக மூன்று மண்டலமாகப் பிரித்த வரைபடம் உண்டு. அயோவா மாநிலம் முழுக்க முதல் மண்டலம். நம் ஆட்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியின் சாமர்செட், மாரிஸ், அட்லாண்டாவைச் சுற்றியிருக்கும் ஃபுல்டன், குவினெட் எல்லாம் முதல் மண்டலம்தான். ஆனால் வரைபடத்தை வெளியிட்டவர்களே, "இதைப் பார்த்து டெஸ்ட் வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள், எல்லா மண்டலத்திலும் அதிக அளவு வீடுகள் கிடைத்திருக்கின்றன" என்று சொல்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய 15 வீட்டுக்கு ஒரு வீட்டில் 4க்கு மேல். உங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அதில் இரண்டு மூன்று வீடாவது தேறும்.

"கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கு சார்."

அது கார்பன் மோனாக்சைடுக்கு. ரேடானுக்கு அது வாய் திறக்காது.

"கம்பெனிக்காரன் பிசினஸ் சார் இதெல்லாம். பயமுறுத்தி பைப் மாட்டிட்டுப் போவான்."

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்ததே நான்தான், சந்தேகம் நல்லது. அப்படியென்றால் அளந்து பார்த்துச் சந்தேகப்படுங்கள். கிட் வாங்க அவனிடம் போக வேண்டாம். கடையில் 15 முதல் 30 டாலருக்குள் கிடைக்கிறது, சில இடங்களில் மாநில, கவுண்டி அலுவலகங்களே இலவசமாகக் கொடுக்கின்றன. நீங்களே வைத்து, நீங்களே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். பைப் மாட்டுகிறவனையே அளக்கச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

பயமுறுத்தலும் வேண்டாம், சரியான கணக்கே சொல்கிறேன். 4 பிக்கோகியூரி இருக்கும் வீட்டில் வாழ்நாள் முழுவதும் இருந்தால், புகைக்காத 1,000 பேரில் சுமார் 7 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது அந்த முகமையின் கணக்கு. அங்கே கார் விபத்தில் சாகும் ஆபத்தும் ஏறக்குறைய அதே அளவு. புகைப்பவர்கள் என்றால் 1,000 பேரில் சுமார் 62. "நான் கராஜில் நின்னு ஒண்ணு ரெண்டுதான் சார்" என்று சொல்லும் தம்பிகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும். 1,000க்கு 7 பெரிசா என்று கேட்பவர், காரில் பின்சீட்டில் குழந்தைக்கு சீட் மாட்டாமல் ஓட்டுவாரா? மாட்டுகிறீர்கள் அல்லவா? இதுவும் அதே கணக்குதான்.

"கொல்லம், மணவாளக்குறிச்சி பக்கம் மணல்ல கதிர்வீச்சு இருக்கே சார். அங்க ஜனங்க நல்லாத்தானே இருக்காங்க?"

இது இங்கிருக்கும் ஒரு சொந்தக்காரர் கேட்டது. கேரளாவின் கருநாகப்பள்ளியில் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. மண்ணிலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த மோனசைட் மணலில் இருப்பது பெரும்பாலும் தோரியம். தோரியம் தரும் வாயுவின் அரை ஆயுட்காலம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, அதிக தூரம் போகாது. அங்கே பேஸ்மென்ட் கிடையாது, ஹீட்டர் கிடையாது, கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து புறப்படும். ஆறு மாதம் ஜன்னலே திறக்காத மினசோட்டா வீட்டுக்கு அதை உதாரணம் காட்டக் கூடாது. வெளியிலிருந்து வரும் காமா வேறு, மூச்சில் போகும் ஆல்ஃபா வேறு.

கடைசிப் பதில். இதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

"டெஸ்ட் எடுத்து அதிகமா வந்துட்டா, வீட்டை விக்கும்போது சொல்லியாகணும் சார். தெரியாம இருக்கிறதே நல்லது."

எழுதியவன் நன்றாகப் படித்த பையன். நல்லவன். அதனால்தான் கோபம் வருகிறது.

இந்த வாக்கியத்தைப் பிரித்துப் படியுங்கள். அளவு அதிகமாக இருக்கலாம் என்று அவனுக்கே தோன்றுகிறது. அப்படி இருந்தால் அது ஆபத்து என்றும் தெரிகிறது. அந்த வீட்டில் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். நாளை வாங்கப் போகிறவனின் பிள்ளைகளும் தூங்குவார்கள். இவ்வளவும் தெரிந்து, விலை குறைந்துவிடும் என்பதற்காக எண்ணை மட்டும் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறான். இதற்குப் பெயர் தெரியாமை என்று எந்த அகராதியிலும் கிடையாது.

பணக் கணக்குக்கே வருவோம். தளத்தில் ஓட்டை போட்டு, பிவிசி குழாய் இறக்கி, ஒரு ஃபேன் வைத்து, கூரைக்கு மேலே வாயுவை விட்டுவிடும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் பொதுவாக 800 முதல் 2,500 டாலர் வரை ஆகும். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். நன்றாகப் போட்டால் 99 சதவீதம் வரை குறைக்க முடியும். சமையலறை மேடைக் கல்லை மாற்றுவதற்கு இதைவிட அதிகம் கொடுத்திருப்பீர்கள். சரிசெய்து, குறைந்த எண்ணைக் கையில் வைத்திருக்கும் வீட்டை விற்பது சுலபம். வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் வந்து 12 என்று கண்டுபிடித்து, அவசரத்தில் பேரம் பேசுவதுதான் நஷ்டம்.

பேஸ்மென்ட் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் ரேடான் அதிகம் தேங்கும் இடம் அதுதான். நம் ஆட்கள் அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்? ஹோம் தியேட்டர். பிள்ளைகள் விளையாடும் இடம். 2020லிருந்து ஆபீஸ் மேஜை, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். அப்பா அம்மாவுக்கு ஒரு படுக்கை. ஆறு மாதம் வந்துவிட்டுப் போகும் பெற்றோருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ரேடான் வருடக்கணக்கில் சேர்ந்து செய்யும் வேலை. ஆனால் கிரீன் கார்டு வாங்கி அங்கேயே இருந்துவிட்ட அப்பா அம்மா? பத்து வருடமாக அதே மேஜையில் உட்காரும் நீங்கள்? ஐந்து வயதில் அங்கே விளையாட ஆரம்பித்து, பதினைந்து வயதில் அதையே தன் அறையாக்கிக்கொண்ட பிள்ளை?

டொராண்டோ பக்கம் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் அந்த அறைகளில் இருப்பது யார்? நம்மூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்த குடும்பங்கள். டெஸ்ட் போடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்கும் தைரியம் அவர்களுக்கு வராது. கேட்டால் வேறு வீடு பார் என்பீர்கள் என்ற பயம். மாதாமாதம் வாடகை வாங்குகிறவர், அந்த அறையின் காற்று எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நான் கேட்கிறேன்.

இனி செய்முறை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

குறுகிய கால டெஸ்ட்: கரி அடைத்த டப்பா. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை. வைப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே, முடியும்வரை, ஜன்னல்களை மூடி வையுங்கள். வாசல் வழியாகப் போய் வரலாம். நீங்கள் புழங்கும் தளங்களில் எது மிகக் கீழே இருக்கிறதோ அங்கே வையுங்கள். தரையிலிருந்து குறைந்தது 20 அங்குல உயரம். சமையலறை, குளியலறை, சம்ப் குழி பக்கம் வேண்டாம். நாள் முடிந்ததும் மூடி ஒட்டி அன்றைக்கே தபாலில் அனுப்புங்கள். மேஜை மேல் ஒரு வாரம் கிடந்தால் கணக்கு தப்பாகும். காரணம் என்ன? அரை ஆயுட்காலம் 3.8 நாள். சொல்லியிருக்கிறேன்.

நீண்ட காலம்: ஆல்ஃபா துகள் பட்டுத் தடம் பதியும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. 90 நாளுக்கு மேல். ரேடான் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் சராசரி தெரிய இதுதான் நல்லது. கனடா அரசு குறைந்தது மூன்று மாதம், அதுவும் குளிர்காலத்தில் வைக்கச் சொல்கிறது.

எண் வந்த பிறகு: அமெரிக்காவில் 4 அல்லது அதற்கு மேல் என்றால் சரிசெய்யச் சொல்கிறார்கள். 2க்கும் 4க்கும் நடுவில் என்றால் யோசிக்கச் சொல்கிறார்கள். கனடாவில் கன மீட்டருக்கு 200 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009ல் சொன்ன அளவு 100. ஒரு பிக்கோகியூரி லிட்டருக்கு என்றால் 37 பெக்கரல் கன மீட்டருக்கு. பெருக்கிக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் வேண்டாம். 4 என்றால் 148. அதாவது ஒவ்வொரு கன மீட்டரிலும் நொடிக்கு 148 அணு சிதைகிறது. 30 கன மீட்டர் படுக்கையறையில் நொடிக்கு 4,440. நீங்கள் தூங்கும்போது.

குழாய் போட்ட பிறகும் மறுபடி அளக்க வேண்டும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. ஃபேனை மின்சாரம் மிச்சம் என்று அணைக்காதீர்கள். அணைத்த வீட்டைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வீடு வாங்கப் போகிறவர்கள்: போட்டிக்குப் பயந்து இன்ஸ்பெக்ஷனே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், குடி போன முதல் வாரம் கிட் வையுங்கள். பால் காய்ச்சும் பாத்திரத்தோடு சேர்த்து அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

உங்கள் யாருக்கும் நான் இனி மார்க் போட முடியாது, பிரம்பும் கையில் இல்லை. கேட்க மட்டும்தான் முடியும். வரும் பொங்கலுக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற ஒவ்வொருவரும் டெஸ்ட் வைத்து, வந்த எண்ணைக் கீழே எழுதுங்கள். எண் மட்டும் போதும், ஊர், முகவரி வேண்டாம். அதிகம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் தப்பு இல்லை, பாறையின் வேலை. வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள், கிட் வாங்கக் காசு இல்லையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு பேர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியாமல் இருப்பதே நல்லது" என்று எழுதிய தம்பி, உன் எண்ணுக்காகத்தான் முதலில் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்